கற்காரையை அறுக்கும் வைரம்: வெட்டும் அரைப்பும்



மொழியை வளர்க்கக் கூடிய அவையில் கற்காரையை அறுக்கும் இயந்திரத்தைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அதற்குக் காரணம் உண்டு. சாலையோரத்தில் குழாய் பதிப்பதற்காகத் தளத்தை அறுப்போர், புதிய தொழிற்சாலைத் தரையில் கோடு கீறுவோர், எழுப்பிய சுவரில் மீண்டும் வாயில் திறப்போர் ஆகியோருள் நம் மாணவர்களின் தந்தையரும் தமையன்மாரும் இருக்கின்றனர். நாளை நம் மாணவர்களுள் சிலரும் அவ்வேலைக்குச் செல்லக்கூடும். அவ்வேலையை நாம் 'வெட்டுதல்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அச்சொல்லில்தான் சிக்கல் தொடங்குகிறது.

வைர வட்டு கற்காரையை வெட்டுவதில்லை, அரைக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், வட்டை ஏன் அழுத்தக் கூடாது, நீர் ஏன் தேவை, ஒரே வட்டு ஏன் எல்லாக் கல்லுக்கும் ஆகாது, கண்ணுக்குத் தெரியாத தூசி ஏன் ஆளைக் கொல்லும் ஆகிய நான்கு வினாக்களுக்கும் ஒரே இடத்திலிருந்து விடை கிடைக்கும். இப்பொழிவின் கருத்து அவ்வளவே.

கத்தியிலிருந்து இயந்திரத்திற்கு

ஈஜோக்கும் அதனைச் சூழ்ந்த வட சிலாங்கூரும் தோட்டங்களால் அறியப்பட்ட நிலம். இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான், 1917ஆம் ஆண்டில், இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் நடப்பட்டது. அத்தோட்டத்தின் பெயரே தமிழ்ப் பெயர். அண்மையில் உள்ள பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டப்பட்டது. ரப்பரும் செம்பனையும் நிலக்கரியும் நம் முன்னோரின் உழைப்பை உண்டு வளர்ந்தவை.

அக்காலத்துத் தோட்டத் தொழிலாளியின் கருவி கத்தி. ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவவும், செம்பனைக் குலையை அறுக்கவும், புல்லை வெட்டவும் கூரிய விளிம்பே போதுமாயிருந்தது. கத்தி மழுங்கினால் தீட்டுக்கல்லில் தீட்டுவர். வெட்டு இறங்காவிட்டால் இன்னும் சற்று ஓங்கி வெட்டுவர். தலைமுறை தலைமுறையாகக் கைகள் கற்ற பாடம் இது.

பின்னர் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. ஈஜோக்கையும் டெம்ப்ளர் பூங்காப் பகுதியையும் இணைக்கும், ஏறத்தாழ 33 கிலோமீட்டர் நீளமுள்ள கோலாலம்பூர்–கோல சிலாங்கூர் விரைவுச்சாலை 2011இல் திறக்கப்பட்டது. மண்சாலை இருந்த இடத்தில் தார்ச்சாலையும், லயம் இருந்த இடத்தில் கற்காரைச் சுவரும் எழுந்தன. கத்தி பிடித்த கைகள் இயந்திரம் பிடித்தன. ஆனால் 'வெட்டு' என்ற சொல்லும், 'இறங்காவிட்டால் அழுத்து' என்ற பழக்கமும் உடன் வந்துவிட்டன.

வெட்டு, பிள, கொத்து, அராவு

பொருளைப் பிரிக்கும் செயலுக்குத் தமிழில் சொற்கள் பல உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனிச் செயலைக் குறிக்கும். கூரிய விளிம்பை உட்செலுத்தி நாரையும் சதையையும் விலக்குவது வெட்டுதல். ஆப்பு வைத்து இழைவழியே பிரிப்பது பிளத்தல். உளியால் அடித்துச் சிறுசிறு சில்லாகப் பெயர்ப்பது கொத்துதல். அரத்தால் தேய்த்துத் துகளாக்குவது அராவுதல். இரண்டு கல்லுக்கு இடையே வைத்து மாவாக்குவது அரைத்தல். அரத்தால் பொன் தேய்வதை உட்பகையால் குடி தேய்வதற்கு உவமையாக்கியவர் வள்ளுவர். கடினமான ஒன்று, தன்னிலும் மென்மையான ஒன்றைத் துகள் துகளாகக் கரைக்கும் என்னும் அறிவு நமக்குப் புதிதன்று.

கருங்கல்லைக் கையாண்ட நம் முன்னோர் பிளத்தலையும் கொத்துதலையுமே பெரிதும் நம்பினர். மாமல்லபுரத்துப் பாறைகளில் வரிசையாக அமைந்த ஆப்புக்குழிகளை இன்றும் காணலாம். வைரத்தின் பயனும் பழங்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் கிடைத்த கடினக் கல்மணிகளின் துளைகளை நுண்ணோக்கியால் ஆராய்ந்தோர், அவற்றில் வைரமுனைத் துளைக்கருவியின் சுவடுகளைக் கண்டனர். பழைய எகிப்தியர் செம்புத் தகட்டையும் மணலையும் கொண்டு கருங்கல்லை அறுத்தனர். அங்கே கல்லை அறுத்தது செம்பன்று, செம்பு இழுத்துச் சென்ற மணலே. இன்றைய வைர வட்டின் கொள்கையும் இதுவே. மணல் இருந்த இடத்தில் வைரமும், செம்பு இருந்த இடத்தில் உருக்கும் வந்துள்ளன.

1885ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டில் வைரம் பதித்த வட்ட அரம்பம் கட்டடக் கல்லை அறுக்கப் பயன்பட்டது. ஆயினும் இயற்கை வைரம் விலையுயர்ந்தது. ஆதலால் கருவி பரவவில்லை. 1954ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் பேரழுத்தத்திலும் பெருவெப்பத்திலும் கரியை வைரமாக்கி, அடுத்த ஆண்டு அதனை அறிவித்தனர். செயற்கை வைரம் சந்தைக்கு வந்தபின்னரே, அரசர் முடியில் இருந்த பொருள் சாலைப் பணியாளரின் கைக்கு வந்தது.

அறுபடும் பொருளை அறிதல்

கற்காரை ஒரே பொருளன்று. சரளைக்கல், மணல், அவற்றைப் பிணைக்கும் சிமெண்டுக் குழம்பு, உள்ளே கிடக்கும் உருக்குக் கம்பி ஆகிய நான்கும் சேர்ந்ததே அது. ஒவ்வொன்றும் வட்டிற்கு ஒவ்வொரு விதமாக எதிர்வினை தரும்.

சிலாங்கூர் மக்களுக்கு இருவகைக் கல் நன்கு தெரியும். ஒன்று, தீபகற்பத்தின் முதுகெலும்பாக நிற்கும் தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல். மற்றொன்று, பத்துமலையின் சுண்ணாம்புக்கல். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோசு அளவுகோலில் சுண்ணாம்புக்கல்லின் கால்சைட்டு 3ஆம் இடத்தில் உள்ளது. கருங்கல்லிலும் மணலிலும் உள்ள குவார்ட்சு 7ஆம் இடத்திலும், வைரம் 10ஆம் இடத்திலும் உள்ளன. இந்நாட்டுக் கற்காரையில் உடைத்த கருங்கல்லே பெரிதும் சேர்க்கப்படுகிறது. எனவே நம் வட்டு பெரும்பாலும் குவார்ட்சோடுதான் போராடுகிறது.

வட்டின் அமைப்பு

களத்தில் 'பிளேடு' என வழங்கும் வைர வட்டை உற்று நோக்குக. நடுவில் உருக்குத் தகடு. விளிம்பில் சிறு சிறு வில்லைகள். வில்லைகளுக்கு இடையே பிளவுகள். இவ்வில்லைகளைச் சிலர் 'பல்' என்பர். அவை பல் அல்ல. தொட்டுப் பார்த்தால் கூர்மையே இராது, உப்புத்தாள்போல் சொரசொரப்பாக இருக்கும்.

ஒவ்வொரு வில்லையும், பொடியாக்கிய உலோகத்தோடு வைரத்துகளைக் கலந்து, அச்சில் அழுத்தி, உலோகம் முழுதும் உருகிவிடாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சூடாக்கிச் செய்யப்படுவது. வைரத்துகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அளவினது. வில்லையின் பெரும்பகுதி பிணைப்பு உலோகமே. கோபால்ட்டு, வெண்கலம், இரும்பு முதலியவை அவ்வாறு பயன்படும். வைரம் அதனுள் முந்திரிப்பருப்புப் பதித்த பலகாரம்போல் அங்கங்கே பரவிக் கிடக்கும்.

வட்டு சுழலும்போது, மேற்புறத்தில் தலைகாட்டும் வைரத்துகள் கல்லைச் சுரண்டுகிறது. சுரண்டச் சுரண்ட அத்துகளும் மழுங்கி உடைகிறது. அப்போது, பெயர்ந்த கல்தூள் பிணைப்பு உலோகத்தையும் சற்றே தேய்க்கிறது. உலோகம் தேய்ந்ததும் மழுங்கிய வைரம் உதிர்ந்து, உள்ளிருக்கும் புதிய வைரம் வெளியே தலைகாட்டுகிறது. ஆகவே வைர வட்டு தேய்வது குறையன்று. தேய்ந்தால்தான் அது அறுக்கும். கத்தியை நாம் கல்லில் தீட்டுகிறோம். இங்கோ, அறுபடும் கல்லே வட்டைத் தீட்டிக் கொடுக்கிறது.

இதிலிருந்து, கேட்போர் முதலில் நம்ப மறுக்கும் விதியொன்று பிறக்கிறது. கடினமான கல்லுக்கு மென்மையான பிணைப்பும், மென்மையான, உராய்வு மிகுந்த பொருளுக்குக் கடினமான பிணைப்பும் வேண்டும். கடினக் கருங்கல் பொடியாகத் தரும் துகள் குறைவு. அது பிணைப்பை மெல்லவே தேய்க்கும். பிணைப்பும் கடினமாக இருந்துவிட்டால் புதிய வைரம் வெளிவராது. மாறாக, மணல் மிகுந்த செங்கல்லும் முற்றாத புதுக்கற்காரையும் மணலை அள்ளி வீசும். அங்கே மென்பிணைப்பு வட்டைப் பூட்டினால், பாதி பயன்கூடத் தராமல் வைரம் உதிர்ந்துபோகும். 'வைரம்தானே, எதையும் அறுக்கும்' என்று ஒரே வட்டை எல்லாவற்றிற்கும் பூட்டுவோர் இழப்பது பணம் மட்டுமன்று; பாதுகாப்பையும் இழக்கின்றனர்.

அம்மி சொல்லும் பாடம்

பிணைப்பு தேயாதபோது வட்டின் விளிம்பு கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும். வட்டு சுழலும், ஒலி எழும், புகையும் வரும், கல் மட்டும் அறுபடாது. அப்போதுதான் பழைய கத்திப் பழக்கம் தலைதூக்குகிறது. 'இறங்கவில்லை, அழுத்து' என்கிறது கை. அழுத்தினால் வெப்பம் ஏறும், தகடு வளையும், வில்லை பெயர்ந்து தெறிக்கக்கூடும்.

நம் பாட்டிமார் இந்நிலையை அறிந்திருந்தனர். நாளடைவில் தேய்ந்து வழவழப்பான அம்மியில் மிளகாய் அரைபடாது. எவ்வளவு அழுத்தி இழுத்தாலும் குழவி வழுக்கும். அம்மி கொத்துபவர் வந்து உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திக் கொடுத்த பின்னரே அது மீண்டும் அரைக்கும். அங்கே குறைந்தது வலிமையன்று, சொரசொரப்பு.

வழவழத்த வைர வட்டிற்கும் இதே மருத்துவம்தான். உராய்வு மிகுந்த மணற்கல்லையோ மணல்–சுண்ணாம்புச் செங்கல்லையோ சில முறை மேலோட்டமாக அறுத்தால், பிணைப்பு தேய்ந்து வைரம் மீண்டும் வெளிப்படும். மீண்டும் மீண்டும் வழவழத்தால், அந்த வட்டு அந்தக் கல்லுக்கு உரியதன்று என்பது பொருள். வட்டில் பொறித்த அம்புக்குறியின் திசையிலேயே அதனைப் பூட்ட வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். ஒவ்வொரு வைரத்துகளின் பின்னாலும் வால்வெள்ளியின் வால்போல் உலோகம் முட்டுக்கொடுத்து நிற்கும். திசை மாறினால் அம்முட்டு முன்னே வந்துவிடும். வைரம் எளிதில் உதிரும்.

உள்ளிருக்கும் உருக்குக் கம்பி வேறொரு சோதனை. கரிமம் சூடான இரும்பில் கரையும் தன்மையுடையது, வைரமும் கரிமமே. ஆகவே கம்பி நெருக்கமாக உள்ள இடத்தில் வட்டு விரைவில் களைத்துவிடும். அவ்விடத்தில் வேகத்தைக் கூட்டாமல், மெல்ல முன்செலுத்துவதே முறை.

வேகமும் வெப்பமும்

மாணவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. 350 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டு நிமிடத்திற்கு 2,700 முறை சுழல்கிறது எனக் கொள்வோம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 1.1 மீட்டர். ஒரு நிமிடத்தில் விளிம்பு கடக்கும் தொலைவு 2,970 மீட்டர். ஒரு நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர். அதாவது மணிக்கு 178 கிலோமீட்டர். நம் விரைவுச்சாலைகளின் பொதுவான உச்ச வேக வரம்போ 110 கிலோமீட்டர்தான். பெயர்ந்து தெறிக்கும் வில்லை ஒன்று அந்த வேகத்தில்தான் புறப்படும். வட்டில் பொறித்துள்ள உச்சச் சுழற்சி எண்ணையும், இயந்திரத்தின் காப்புக் கவசத்தையும் புறக்கணிப்பவர் எதனோடு விளையாடுகிறார் என்பதை இக்கணக்கே காட்டும்.

அரைத்தல் வெப்பத்தைப் பிறப்பிக்கும். எத்தனை கடினமானதாயினும் வைரம் கரியின் உருவமே. காற்றில் சுமார் 700, 800 பாகை செல்சியசில் அது எரிந்து சிதையத் தொடங்கும். ஆதலால் நீர் வேண்டும். நீர் வட்டைக் குளிர்விக்கிறது. அரைபட்ட துகளை வெளியேற்றுகிறது. தூசி எழாமல் அடக்குகிறது. நீரின்றி அறுப்பதற்கென்றே செய்த வட்டுகளும் உண்டு. அவற்றின் வில்லைகள் பெரும்பாலும் லேசர்க் கதிரால் பற்றவைக்கப்பட்டவை. வெள்ளிக் கலவையால் பற்றவைத்த வில்லை, நீரின்றி ஓட்டினால் பற்று உருகி விழுந்துவிடக்கூடும். உலர்வட்டைக்கூட இடையிடையே கல்லிலிருந்து எடுத்து வெறுமனே சுழலவிட்டு ஆறவைக்க வேண்டும்.

அறுக்கும் நேரம்

அறுப்பது எப்போதும் உடைப்பதற்காக அன்று; காப்பதற்காகவும் அறுக்கிறோம். புதிதாக ஊற்றிய தொழிற்சாலைத் தரை உலர உலரச் சுருங்கும். சுருங்கும்போது எங்கேனும் வெடித்தே தீரும். நாம் முன்கூட்டியே நேர்க்கோடாக அறுத்து வைத்தால், அக்கோட்டின் அடியில் வெடிப்பு ஒழுங்காக அமையும். பொதுவாகத் தரையின் தடிமனில் நான்கில் ஒரு பங்கு ஆழம் அறுப்பர். 150 மில்லிமீட்டர் தரைக்கு ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். நேரம் இங்கே முதன்மையானது. மிக விரைந்து அறுத்தால் கோட்டின் ஓரத்துச் சரளைக்கல் பெயர்ந்து வரும். மிகத் தாழ்த்தினால் தரை தானே வெடித்துவிடும். நம்மூர் வெயிலில் கற்காரை விரைவில் இறுகும். ஆகவே நள்ளிரவிலும் விடியற்காலையிலும்கூட அறுப்புப் பணி நடக்கிறது. களைத்த உடலும் மங்கிய ஒளியும் சேரும் அந்நேரத்தில்தான் விதிகள் மறக்கப்படுகின்றன.

அரைத்த மாவு எங்கே போகிறது?

இனி, இப்பொழிவின் தலையாய வினாவுக்கு வருவோம். கத்தியால் வெட்டினால் இரண்டு துண்டு கிடைக்கும், வேறெதுவும் மிஞ்சாது. அரைத்தால் மாவு வரும். வட்டு கடந்த வழியில் இருந்த கற்காரை முழுவதும் மாவாகிவிட்டது. அம்மாவு எங்கே போகிறது? 'வெட்டுகிறோம்' என்று எண்ணுபவர் இவ்வினாவைக் கேட்பதே இல்லை.

நீரில்லாமல் அறுக்கும்போது எழும் வெண்புகை புகையன்று, கல்மாவு. அதில் கண்ணுக்குத் தெரியும் துகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நுண்துகளே கொடியது. அது நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை செல்லும். அங்கே உடலின் காவல் உயிரணுக்கள் குவார்ட்சுத் துகளை விழுங்கிச் செரிக்க முயன்று தாமே மடிகின்றன, அவ்விடம் தழும்பாகிறது. தழும்பு பெருகப் பெருக மூச்சு சுருங்குகிறது. இந்நோய்க்குச் சிலிக்கோசிசு என்று பெயர். உண்டான தழும்பை மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. காசநோய் தாக்கும் வாய்ப்பையும் அது கூட்டும். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவகம், 1997இல் படிகச் சிலிக்காத் தூசியைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்தது. பெரும்பாலும் இந்நோய் பத்தாண்டுகளுக்கும் மேலாக மறைந்திருந்தே வெளிப்படுகிறது. இருபது வயதில் அறுத்தவர் நாற்பதில் படியேற முடியாமல் நிற்கும்போது, காரணம் எதுவென்று எவருக்கும் நினைவிராது.

உலகம் இதனைக் குறித்து விழித்துக்கொண்டுவருகிறது. சிலிக்கா மிகுந்த செயற்கைக் கல்பலகைகளை அறுத்த இளைஞர் பலர் நோயுற்றதால், ஆஸ்திரேலியா 2024 சூலை 1 முதல் அக்கல்லையே தடை செய்தது. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் உள்ளது. 2024 சூன் 1இல் நடைமுறைக்கு வந்த அதன் திருத்தம், உடனடி ஆபத்து உண்டென நியாயமாக நம்பும் தொழிலாளி அப்பணியிடத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை வழங்குகிறது. தாதுத் தூசியால் வரும் நுரையீரல் நோய், சொக்சோ திட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. ஆயினும் உரிமையைக் கேட்க, முதலில் ஆபத்தைப் பெயரிட்டுச் சொல்லத் தெரிய வேண்டும். 'தூசிதானே' என்பவர் எதையும் கேட்கமாட்டார். 'இது கல்மாவு, நுரையீரலில் தங்கும்' என்பவர் நீர் கேட்பார்.

முகத்தில் கட்டிய கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது. நீரால் தூசியைப் பிறக்குமிடத்திலேயே அடக்குவது முதற்கடமை. பொருந்தும் சுவாசக் கவசம் அதற்கு அடுத்தது. நீரோடு கலந்த மாவு சேறாகும். அச்சேறு உலர்ந்தால் மீண்டும் தூசியாகிக் காற்றில் ஏறும். ஆகவே ஈரமாக இருக்கும்போதே அதனை அள்ள வேண்டும். அது கடுங்காரத் தன்மை உடையது, தோலை அரிக்கும். ஆகையால் வாய்க்காலில் விடவும் கூடாது.

வகுப்பறைக்குச் செல்லும் வழி

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதனைக் கற்பிக்க இயந்திரம் வேண்டியதில்லை. புதிய உப்புத்தாள் ஒன்றும் தேய்ந்த உப்புத்தாள் ஒன்றும் போதும். இரண்டையும் ஒரே மரத்துண்டில் தேய்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த தாளை எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை என்பதை மாணவரின் கையே கண்டுகொள்ளும். பின்னர்ச் சன்னல் வழியே வெயில் விழும் இடத்தில், உலர்ந்த சுண்ணக்கட்டி ஒன்றையும் நனைத்த சுண்ணக்கட்டி ஒன்றையும் தேய்த்துக் காட்டுங்கள். ஒளிக்கற்றையில் மிதக்கும் துகளை அவர்கள் காணட்டும். நனைத்ததிலிருந்து அது எழாததையும் காணட்டும். சுண்ணக்கட்டியின் தூசி குவார்ட்சன்று என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மாணவர்களே, இன்று மாலை வீடு திரும்பியதும், கட்டுமானத் தளத்தில் பணியாற்றும் தந்தையோ அண்ணனோ மாமாவோ இருப்பின், அவரிடம் மூன்று வினாக்களைப் பணிவோடு கேளுங்கள். நீங்கள் அறுக்கும் கல் எது? அந்த வட்டு அக்கல்லுக்கு உரியதா? அரைபட்ட மாவு எங்கே போகிறது? மூன்றாம் வினாவுக்கு அவர் உடனே விடை சொல்லாவிட்டால், நீங்கள் இங்கே கேட்டதை அவருக்குச் சொல்லுங்கள்.

நாம் கலைச்சொற்களை ஆக்குவது அகராதியை நிரப்புவதற்காக மட்டும் அன்று. கையில் உள்ள கருவி என்ன செய்கிறது என்பதைக் கை உடையவர் தம் மொழியில் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே ஆக்குகிறோம். 'வெட்டு' என்ற இடத்தில் 'அரைப்பு' என்று சொல்லிப் பழகுவோம். அவ்வொரு சொல், அழுத்தும் கையைத் தளர்த்தும்; நீர்க்குழாயைத் திறக்கச் செய்யும்.